மின்வாசிப்பானில் 'மோபி டிக்': அகராதி கைவிட்ட இடங்கள்

சென்ற வாரம் மின்கலம் மாற்றிய பின் என் மின்வாசிப்பான் பழையபடி நாள்கணக்கில் தாங்குகிறது. அதைப் பார்த்த நண்பர், ஆங்கிலச் சொல்வளத்துக்காகச் செவ்வியல் நாவல்கள் படிக்க விரும்பும் தம் மகளுக்கும் இதையே வாங்கலாமா என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளாக ஹெர்மன் மெல்வில்லின் திமிங்கில வேட்டை நாவலான 'மோபி டிக்'கை இதில்தான் படித்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

1851இல் வெளிவந்த, 135 அத்தியாயங்கள் கொண்ட அந்நூலின் அரிய சொற்களில் இக்கருவி குறை வைக்கவில்லை. 'எஃபல்ஜென்ட்' என்றால் பேரொளி வீசுவது, 'லார்போர்டு' என்றால் கப்பலின் இடப்பக்கம் என்று தொட்டவுடன் பொருள் தந்து, அச்சொல் வந்த வாக்கியத்தோடு சேர்த்துப் பட்டியலிலும் சேமித்துவிடுகிறது. அந்தப் பட்டியலை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

என் ஆற்றாமையெல்லாம் எளிய சொற்களைப் பற்றியது. 89ஆம் அத்தியாயத்தில் 'ஃபாஸ்ட் ஃபிஷ்' என்று வருகிறது. சொல்லைத் தொட்டதும் திரையில் தோன்றும் அகராதியின் சிறு பெட்டியில் முதலில் தெரிந்த பொருள் 'வேகமான' என்பதே. விரைந்து நீந்தும் திமிங்கிலம் என்று எண்ணிப் படித்த நான், கயிற்றால் பிணைக்கப்பட்ட திமிங்கிலம் பிணைத்தவருக்கே உரியது, பிணைக்கப்படாதது யார் பிடித்தாலும் அவருக்குரியது என்ற அந்த அத்தியாயத்தின் உரிமைச் சட்டத்தையே தவறவிட்டேன். 'பிணைக்கப்பட்ட' என்ற பொருள் அகராதியில் இல்லாமல் இல்லை. முழுப்பதிவையும் திறந்து, கீழே வெகுதூரம் இறங்கினால் இருக்கிறது. அதற்குள் படித்த பக்கம் திரையிலிருந்து போய்விடுகிறது. 77ஆம் அத்தியாயத்திலும் இதே கதைதான். ஸ்பெர்ம் திமிங்கிலத் தலையின் கீழ்ப்பகுதியாகிய 'ஜங்க்' குப்பையாகவும், ஏறத்தாழ 500 காலன் எண்ணெய் தரும் மேற்பகுதியாகிய 'கேஸ்' வெறும் பெட்டியாகவும் காட்டப்பட்டன. தெரியாத சொல்லென்றால் நின்று தேடுவோம். தெரிந்ததாக நினைக்கும் சொல்லில் யார் நிற்பார்கள்?

53ஆம் அத்தியாயம் மட்டும் பேரின்பம். நடுக்கடலில் சந்திக்கும் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் உறவாடுவதைக் குறிக்கும் 'காம்' என்ற சொல்லை, அகராதிப் பத்திகளில் சுட்டுவிரல் தேயத் தேடினாலும் காணமாட்டீர்கள் என்று சொல்லி, ஏறத்தாழ 15,000 அமெரிக்கர்கள் அன்றாடம் வழங்கிய அச்சொல்லுக்கு மெல்வில்லே பொருள் வரையறுத்துத் தருகிறார்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். அந்த 89ஆம் அத்தியாயத்தின் வருத்தம் ஆறியிருந்தால் வேறு பதில் சொல்லியிருக்கலாம். இப்போதைக்கு அவர் மகளுக்கு, அந்தந்தப் பக்கத்திலேயே அடிக்குறிப்பு அச்சிட்ட காகிதப் பதிப்பு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.