பயறுப் புரதம்: காப்புரிமை பொருளுக்கா, செய்முறைக்கா, இல்லை ரகசியமா?

பாசிப்பயறு யாருடைய கண்டுபிடிப்பும் இல்லை. ஆனால் அதிலிருந்து பிரித்தெடுத்த புரதத்துக்கு, முட்டைக்கு மாற்றான திரவம் விற்கும் அமெரிக்காவின் ஈட் ஜஸ்ட் நிறுவனம் 2019-ல் அங்கே காப்புரிமை வாங்கியது. எடையில் குறைந்தது 60 சதவீதம் பயறுப் புரதம், அந்தப் புரதத்தில் பாதியாவது குளோபுலின் என்ற புரத வகை, ஆக்சிஜனேற்ற நொதிகளின் செயல்பாடு குறைவு என்று எல்லை வகுத்துக் கேட்டதால்தான் அது பயறைத் தாண்டிய ஒன்றாக நின்றது.

பொருளுக்கு வாங்கும் காப்புரிமைக்குப் பலம் அதிகம். போட்டியாளர் எந்த வழியில் செய்தாலும் விற்க முடியாது. கடையில் ஒரு பொட்டலம் வாங்கிச் சோதித்தாலே மீறல் தெரிந்துவிடும். ஆனால் வாங்கியது நிலைக்கும் என்று உறுதியில்லை. ஹீம் என்ற இரும்புச்சத்துள்ள மூலக்கூறு கொண்ட புரதத்தால் தாவர உணவில் இறைச்சிச் சுவை கொண்டுவந்த இம்பாசிபிள் ஃபுட்ஸ் நிறுவனம், தன் காப்புரிமையை மீறியதாக 2022-ல் போட்டி நிறுவனமான மோட்டிஃப் ஃபுட்வொர்க்ஸ் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் இம்பாசிபிளின் ஐரோப்பியக் காப்புரிமை ஒன்று ரத்தானது.

இந்தியாவில் 2005 வரை உணவுப் பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். இப்போது பொருளுக்கும் உண்டு. ஆனாலும் இயற்கையில் இருப்பதைக் கண்டறிந்ததையும், வெறும் கலவையையும், பாரம்பரிய அறிவையும் காப்புரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு விலக்குகிறது. பட்டாணிப் புரதத்தோடு கடலைமாவைக் கலந்தேன் என்றால் போதாது. தனித்தனிக் குணங்களைக் கூட்டினால் வராத ஒன்று அந்தக் கலவையில் வர வேண்டும். இந்தக் கண்டிப்பு மிகவும் சரி. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் நம் அடுக்களைகள் எல்லாம் அறிந்தவை. அவற்றை ஒருவர் பெயரில் எழுதிக்கொடுக்கக் கூடாது.

சரி, செய்முறை? புரதத்தைக் காரநீரில் கரைத்து அமிலத்தால் படியவைப்பது பழைய வழி, அது மட்டும் இருந்தால் காப்புரிமை கிடைக்காது. பச்சை வாடையைப் போக்கும் புதிய படி ஒன்று இருந்து, அதன் பலனை அளந்து காட்டினால் வாய்ப்பு நல்லது. அடுத்தவர் ஆலைக்குள் நடப்பதை எப்படி நிரூபிப்பது என்பதுதான் பயம். அதற்கும் 104-அ பிரிவு ஓரளவு கைகொடுக்கிறது: இரண்டு பொருளும் ஒன்றே என்று காட்டி, அது அந்தச் செய்முறையால் வரும் புதிய பொருளாகவும் இருந்தால், தன் வழி வேறு என்று நிரூபிக்கும் பொறுப்பை நீதிமன்றம் எதிராளி மேல் வைக்கலாம்.

செய்முறையை ரகசியமாகவே வைத்துக்கொண்டால், காப்புரிமைக்கு உள்ள 20 ஆண்டு வரம்பு இல்லை, செலவும் குறைவு. ஆனால் இங்கே அதற்கென்று தனிச் சட்டம் இல்லை, ஊழியரோடு போடும் ஒப்பந்தம்தான் முக்கியக் காவல். இன்னொருவர் தானாகவே கண்டுபிடித்துவிட்டால் அதுவும் உதவாது.

சிறு தயாரிப்பாளருக்கு என் தேர்வு செய்முறைக் காப்புரிமைதான். அளந்து காட்ட முடிந்தால் பொருளுக்கும் குறுகலாகக் கேட்கலாம். ஒன்று மட்டும்: தெரிந்த சிறந்த முறையை விண்ணப்பத்தில் சொல்லியே ஆக வேண்டும். முக்கியமான படியை மறைத்துவைத்துக் காப்புரிமையும் கேட்க முடியாது. அப்புறம், விற்பனையைத் தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். சந்தைக்குப் போய்விட்டால் புதுமை என்ற தகுதியே கைவிட்டுப் போகும்.