ரெகெக்ஸில் (உரையில் வடிவங்களைத் தேடும் குறியீடு) முதல் காற்புள்ளி வரை பிடிக்க: .*? போதுமா, [^,]* வேண்டுமா?

புள்ளி என்றால் ஏதாவது ஓர் எழுத்து, * என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும், [^,] என்றால் காற்புள்ளி அல்லாத எழுத்து. வெறும் .*, என்று எழுதினால் வரியின் கடைசிக் காற்புள்ளி வரை ஓடிவிடும். .*?, என்று எழுதினால் முதல் காற்புள்ளியிலேயே நிற்கும். ஆனால் அது உறுதியான வேலி இல்லை. "அ,ஆ,10" என்ற வரியில் ^.*?,10 என்று தேடிப் பாருங்கள். எப்படியாவது பொருத்த வேண்டும் என்பதற்காக முதல் காற்புள்ளியைத் தாண்டி "அ,ஆ" முழுவதையும் விழுங்கிவிடும். ^[^,]*,10 தாண்டவே தாண்டாது. பொருத்தம் இல்லை என்று சொல்லிவிடும். தரவைப் பிரிக்கும்போது எனக்கு வேண்டியது இந்தக் கறார்தான். கிரெப் (grep), செட் (sed) என்ற உரைக் கருவிகள் இரண்டிலும் [^,]* அப்படியே ஓடும். அவற்றின் வழக்கமான இலக்கணத்தில் .*? இப்படி முதல் இடத்திலேயே அடங்கி நிற்காது.

அப்புறம் ஒரு கவனம்: [^,]* பல மொழிகளில் அடுத்த வரிக்கும் போய்விடும். புள்ளி பொதுவாகப் போகாது.

நிற்க வேண்டிய எல்லை ஒரே காற்புள்ளியாக இல்லாமல் --> மாதிரி பல எழுத்துகள் என்றால், சரி, அங்கே .*? தான் எளிது.