முழங்காலில் குண்டு தாங்கிய சிப்பாயைத் தேடி: அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகள் குறித்து ஒரு மதிப்புரை

என் மாப்பிள்ளை அமெரிக்கர். அவருடைய தாய்வழி முன்னோர் ஒருவர் அமெரிக்க விடுதலைப் போரில் காலில் காயம்பட்டவர் என்பது அவர்கள் வீட்டில் பல தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் கதை. பீரங்கிக் குண்டு வலது காலைக் கொண்டுபோயிற்று என்று சம்பந்தியம்மா சொல்வார். கால் போகவில்லை, நொண்டி மட்டும் ஆனார் என்பார் அவருடைய தம்பி. பேத்தி பள்ளியில் குடும்ப மரம் வரைய வேண்டி வந்தபோது, வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் என்னிடம் இந்தத் தேடல் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ மூன்று மாதம் இதிலேயே கிடந்த பின், வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் ஓய்வூதியக் கோப்புகளைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் நான் போனது அங்கே அல்ல. சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஒரு வம்சாவளித் தளத்தில்தான் தொடங்கினேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். பெயரைத் தட்டச்சு செய்த சில நொடிகளில் அவருடைய பெற்றோர், மனைவி, ஒன்பது பிள்ளைகள் என்று குடும்பம் முழுவதும் திரையில் வரிசையாக வந்து நின்றபோது, இவ்வளவு எளிதா என்று வியந்தேன். மறுநாள் தேதிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்ததும் அந்த வியப்பு வடிந்துவிட்டது. 1777 செப்டம்பரில் பென்சில்வேனியாவில் அடிபட்டுக் கிடந்தவர், அதே மாதத்தில் வட கரோலினாவில் ஒரு நிலப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரே பெயர் கொண்ட இரண்டு மனிதர்களை யாரோ ஒருவர் முன்னொரு நாள் ஒன்றாக்கிவிட, பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஆறு பேருடைய மரங்களிலும் இதே பிழை இருந்தது. ஆறு பேரும் சொல்வதால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எண்ணியது என் தவறு; ஆறு பேருக்கும் மூலம் ஒன்றே என்பதைப் பார்க்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

காப்பகத்தின் தொகுப்பு இதற்கு நேர் எதிரானது. யாரும் தொகுத்துத் தந்த முடிவு எதுவும் அங்கே கிடையாது. வயதான சிப்பாய்களும் அவர்களுடைய விதவைகளும் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து கொடுத்த தாள்கள் மட்டுமே இருக்கின்றன. எம் 804 என்ற எண்ணுள்ள நுண்படத் (மைக்ரோஃபிலிம்) தொகுதியில் 2,670 சுருள்களில் ஏறத்தாழ 80,000 கோப்புகள் உள்ளன. அவற்றின் படங்களைக் காப்பகத்தின் அட்டவணைத் தளத்தில் காசு கொடுக்காமல், உறுப்பினராகப் பதிவு கூடச் செய்யாமல் பார்க்கலாம். ஒவ்வொரு கோப்பின் எண்ணுக்கு முன்னும் ஓர் எழுத்து இருக்கும்: சிப்பாயே பெற்ற ஓய்வூதியமானால் எஸ், விதவை பெற்றதானால் டபிள்யூ, மறுக்கப்பட்ட விண்ணப்பமானால் ஆர். ஆர் என்று கண்டதும் கோப்பை மூடிவிட வேண்டாம். மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் பணிக்காலம் போதாமையோ சான்று இல்லாமையோதான். அந்தக் குறையை ஈடுசெய்யக் குடும்பத்தார் அடுத்தடுத்து அனுப்பிய சாட்சியங்களால் மறுக்கப்பட்ட கோப்புகள் சில சமயம் மற்றவற்றைவிடத் தடித்தும் இருக்கும். இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எம் 805 என்ற தொகுதியும் உண்டு; அதில் ஒவ்வொரு கோப்பிலிருந்தும் தேர்ந்தெடுத்த சில பக்கங்களே இருக்கும். நூலகங்கள் வழியாகக் கிடைக்கும் சில சேவைகளில் நீங்கள் பார்ப்பது இந்தச் சுருக்கமாக இருக்கக்கூடும். குடும்பச் செய்திகளுக்கு முழுக் கோப்பையே பார்க்க வேண்டும்.

காயம்பட்டவரைத் தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். போரில் உறுப்பிழந்தவர்களுக்கும் உழைக்கும் திறனை இழந்தவர்களுக்கும் ஓய்வூதியம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் முதன்முதலில் தீர்மானித்தது 1776 ஆகஸ்ட் 26 அன்று. ஆகவே காயம்பட்டவர்களின் விண்ணப்பங்களே எல்லாவற்றிலும் பழையவை. ஆனால் 1800 நவம்பர் 8 அன்று போர்த்துறை அலுவலகத்தில் பிடித்த தீயில் அதுவரை வந்திருந்த தாள்கள் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோயின. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குத் தீ வைத்தபோதும் ஆவணங்கள் அழிந்தன. அதனால் பழைய ஊனமுற்றோர் ஓய்வூதியக்காரர் பலருடைய உறைகளில், தாள்கள் இல்லை என்று குறித்த ஓர் அட்டை மட்டுமே இருக்கும். எந்தக் காலில், எந்த இடத்தில், எந்த மருத்துவர் பார்த்தார் என்பதெல்லாம் இருந்த காகிதம்தான் போயிற்று. காயமே அவரைத் தேடுவதற்கான அடையாளம் என்று நம்பிப் புறப்பட்ட எனக்கு இது பெரிய அடி.

எங்கள் மனிதர் 1818 வரை உயிரோடு இருந்தார் என்பதுதான் எங்கள் நல்ல காலம். அந்த ஆண்டு மார்ச் 18ஆம் நாள் வந்த சட்டம், கண்டப் படையில், அதாவது காங்கிரஸ் அமைத்த நிலையான படையில், ஒன்பது மாதமாவது பணியாற்றி இப்போது வறுமையில் இருப்பவர்களுக்கு ஓய்வூதியம் அளித்தது. சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20 டாலர். ஏற்கெனவே ஊனத்துக்காகப் பெற்றுவந்தவர் இதைப் பெற வேண்டுமானால் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். ஊனத்தை அரையென்றும் மூன்றிலொரு பங்கென்றும் மருத்துவர்கள் பின்னமாக மதிப்பிட்ட காலம் அது. அரை ஊனம் என்று கணக்கிடப்பட்டு மாதம் 4 டாலர் வாங்கிக்கொண்டிருந்த நம்மவர், அதைத் துறந்து 8 டாலருக்கு மனுப் போட்டார். அந்த மனுவில்தான், 1777 செப்டம்பர் 11 அன்று பிராண்டிவைன் போரில் இடது முழங்காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறது. பீரங்கியும் இல்லை, வலது காலும் இல்லை.

இந்த ஒரு வரியைவிட நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது 1820ஆம் ஆண்டின் தாள் ஒன்றை. அந்த ஆண்டு மே மாதச் சட்டம், ஓய்வூதியம் பெறுவோர் உண்மையிலேயே ஏழைகள்தாம் என்று காட்ட, உடுதுணியும் படுக்கையும் நீங்கலாகத் தங்களுக்குச் சொந்தமான பொருள் எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்கச் சொன்னது. ஒரு பசு, கிழட்டுக் குதிரை ஒன்று, இரும்புச் சட்டி இரண்டு, உடைந்த கடிகாரம் ஒன்று, நாற்காலிகள் நான்கு என்று நீதிமன்ற எழுத்தர் வரிவரியாக எழுதி, எதிரே டாலரும் சென்டும் இட்டுக் கூட்டியிருக்கிறார். பட்டியலின் கீழே, தாம் நெசவுத் தொழிலாளி என்றும் முழங்காலின் காரணமாகத் தறி மிதிக்க இயலவில்லை என்றும் கூறி, வீட்டில் இருப்பவர்களின் பெயரையும் வயதையும் சொல்லியிருக்கிறார்: மனைவி, உடல்நலம் குன்றிய ஒரு மகள், பன்னிரண்டு வயதுப் பேரன். 1790 முதல் 1840 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கையாக நிற்பார்கள். அந்த மகளின் பெயர் உலகத்தில் வேறெந்த அரசுத் தாளிலும் இருக்க வாய்ப்பில்லை. சந்தா கட்டிய தளத்தின் ஆறு மரங்களில் ஒன்றிலும் அவள் இல்லை.

குடும்பத்தை முழுவதும் கட்டி எழுப்பியது மனைவியின் மனு. சிப்பாய்களின் விதவைகளுக்குப் பொதுவான ஓய்வூதியம் 1836இல்தான் வந்தது, அதுவும் பணிக்காலம் முடிவதற்கு முன் மணந்தவர்களுக்கு மட்டும். 1838 ஜூலை 7ஆம் நாள் சட்டம், 1794க்கு முன் மணந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. 1786இல் மணமுடித்த இந்த அம்மையார் எழுபது வயதைக் கடந்த நிலையில் நீதிமன்றம் வந்து மனுக் கொடுத்தார். மணம் நடந்ததற்குச் சான்று கேட்டார்கள். தேவாலயப் பதிவேடு கிடைக்காத நிலையில், குடும்ப விவிலியத்தில் பிறப்பும் மணமும் குறித்திருந்த ஏட்டைக் கிழித்து மனுவோடு வைத்துவிட்டார். இப்படிக் கிழித்து அனுப்பிய ஏடுகள் இந்தக் கோப்புகளில் ஏராளம். பென்சில்வேனிய ஜெர்மானியர் பூவும் பறவையும் வரைந்து வண்ணமிட்ட பிறப்புச் சான்றுகளைக்கூட அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஏட்டில் எட்டுப் பிறப்புகள் உள்ளன. மூன்றாவது பெயருக்கும் நான்காவது பெயருக்கும் நடுவே மை மாறுகிறது. ஐந்தாவதிலிருந்து கையெழுத்தே மாறுகிறது. பிற்காலத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியதாக இருந்தால் எல்லாம் ஒரே கையாக இருந்திருக்கும் என்பதால், இந்த மாற்றமே எனக்குப் பெரிய சான்றாகப் பட்டது. தளம் சொன்ன ஒன்பதாவது பிள்ளை வட கரோலினாக்காரருடையது.

இனிக் குறைகள். இவை கறுப்பு வெள்ளை நுண்படங்கள். இரும்பு மை காலப்போக்கில் பழுத்துத் தாளின் மறுபக்கத்தில் ஊறியிருப்பதால், சில பக்கங்களில் இரண்டு பக்கத்து எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். எந்தச் சேவையில் பார்த்தாலும் மூலம் ஒன்றுதான் என்பதால், காசு கொடுத்தாலும் இது தீராது. அக்காலக் கையெழுத்தில் இரட்டை எஸ் வரும்போது முதல் எழுத்து எஃப் போலவோ பி போலவோ நீண்டு தொங்கும். பழகும்வரை அது தொல்லைதான். பெயரின் எழுத்துக்கூட்டல் ஒரே கோப்புக்குள் நான்கு விதமாக வந்தது, ஏனெனில் மனுதாரர் சொன்னதைக் காதால் கேட்டு எழுத்தர் எழுதினார். எழுதத் தெரியாத மனுதாரர் பெருக்கல் குறியிட்டுவிட்டுப் போனார். ஆகவே தேடும்போது ஒலிப்பை ஒத்த எல்லா வடிவங்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் பக்கங்களைத் தட்டச்சுக்கு மாற்றும் பணியில் பொதுமக்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்கிறது காப்பகம். அப்படி மாற்றப்பட்ட பக்கங்களில் வாசகம் பக்கத்திலேயே இருப்பதால் வாசிப்பு எளிது. எங்கள் கோப்பில் பாதிப் பக்கங்களே மாற்றப்பட்டிருந்தன; மீதியில் சிலவற்றைப் பேத்தியும் நானும் உட்கார்ந்து அடித்தோம். தெற்கு மாநிலங்களின் சிப்பாய்களுக்கு, தனியார் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான மனுக்களை முழுமையாக அச்செழுத்தாக்கி இலவசமாக வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓய்வூதியக் கோப்பு மட்டும் போதாது. எம் 881 என்ற தொகுதியில் படைவருகைப் பதிவேடுகளிலிருந்து பெயர்த்தெழுதிய பணிப்பதிவு அட்டைகள் உள்ளன. மனுவில் கிழவர் நினைவிலிருந்து சொன்னதை அதோடு வைத்துச் சரிபார்க்கலாம். காயம்பட்ட பின் நம்மவர், 1777இல் லூயி நிக்கோலா தலைமையில் அமைந்த ஊனமுற்றோர் படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்ததை அட்டைதான் காட்டியது. களத்தில் நிற்க முடியாதவர்களைக் காவல் பணிக்கு வைத்துக்கொண்ட பிரிவு அது. அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்ற சங்கம் 1890இல் தொடங்கியது. அதன் வம்சாவளித் தரவுத்தளத்தையும் எவரும் இலவசமாகத் தேடலாம். பழைய உறுப்பினர்கள் கொடுத்த சான்று பிழையென்று பின்னர் தெரிந்தால், இனி விண்ணப்பிப்போர் பணியைப் புதிதாக நிறுவ வேண்டும் என்று அந்த முன்னோரின் பதிவிலேயே குறித்துவிடுகிறார்கள். இந்த நேர்மை வணிகத் தளங்களில் நான் காணாதது.

இறந்த நாளுக்கு ஒரு வழி உண்டு. ஓய்வூதியம் ஆண்டுக்கு இரு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வழங்கப்பட்டது. பணம் கொடுத்த பேரேட்டில் எந்தத் தவணையோடு பதிவு நிற்கிறது என்று பார்த்தால் ஆறு மாத இடைவெளிக்குள் வந்துவிடலாம். நம்மவருடையது 1829 மார்ச்சோடு நிற்கிறது. அதன்பின் வாரிசுகள் வாங்கிய கடைசிப் பாக்கிக்கான ரசீது கருவூலத் தணிக்கையாளர் ஆவணங்களில் தனியாக இருக்கும். அதில் பிள்ளைகள் எங்கெங்கே குடியேறினார்கள் என்பது இருக்கலாம் என்பதால், இப்போது அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் சேவை எல்லோருக்கும் பயன்படாது. உங்கள் வீட்டு முன்னோர் பிராண்டிவைன் போரிலோ காம்டன் போரிலோ பட்ட காயத்தாலேயே சில வாரங்களில் இறந்த சாதாரணச் சிப்பாயானால், 1818இல் மனுப் போட அவர் இல்லை. அவருடைய விதவை 1836க்கு முன்பே மறுமணம் செய்துகொண்டோ இறந்தோ போயிருந்தால் அவளும் பெரும்பாலும் இங்கே இருக்கமாட்டாள். அப்படிப்பட்டவர்கள் வட்டார நீதிமன்றங்களின் உயில், நிலப் பத்திரங்களில்தான் தொடங்க வேண்டும். மற்றவர்கள் சந்தா கட்டுமுன் இங்கே ஒரு மாலை செலவிடுங்கள். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் மறுபக்கத்து மைக்காகக் குறைந்தது. சம்பந்தியம்மா மட்டும் இன்னும் வலது கால் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.