சுங்கை சிப்புட் பழைய புத்தகக் கடை: சேவைக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஐந்து

இந்தக் கடைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சேவைக்கு ஒன்று, அதுவும் கடைக்கார அங்கிள் உட்கார நாற்காலி கொடுப்பதற்காக. புத்தகத்துக்கு ஐந்து. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி மூன்று என்று போட்டால் ரெண்டுமே பொய்யாகிவிடும், அதனால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பழைய கடைவீட்டு வரிசை ஒன்றில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, பலகை மாட்டியிருந்த ஆணிகள் மட்டும் இருக்கின்றன. முன்பக்கம் பார்த்தால் புத்தகக் கடை என்றே தோன்றாது. நாள்காட்டி, பஞ்சாங்கம், ஊதுபத்தி, கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர்கள் கண்ட கனவுக்கு எண் பார்க்கும் கனவுப் புத்தகம் (இதுதான் அங்கே அதிகம் விற்பது, நான் நிற்கும்போதே மூன்று பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள்), அப்புறம் பள்ளிப் பயிற்சி நூல்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதின யூபிஎஸ்ஆர் சோதனையை 2021லேயே எடுத்துவிட்டார்கள், அங்கிள் கடையில் மட்டும் அந்தப் பயிற்சி நூல்கள் இன்னும் அடுக்கி வைத்திருக்கின்றன. வருகிறவர்களில் பாதிப்பேர் இதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நானும் முதல் தடவை திரும்பினவள்தான். மழை பிடித்துக்கொண்டதால் மறுபடி உள்ளே போனேன், அன்றைக்குத்தான் பின்னறை இருப்பதே தெரிந்தது.

பின்னறையில் இருப்பவை எல்லாம் தோட்டத்து வீடுகளில் இருந்து வந்தவை. ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள், செம்பனையை எடுத்துவிட்டுத் தாமான் (குடியிருப்பு) கட்டினார்கள், லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டு ஜனங்கள் கிளம்பும்போது சாமி படமும் தையல் மெஷினும் லோரியில் ஏறின, புத்தகம் ஏறவில்லை. ஏறி வந்ததும் தாத்தா இருக்கும்வரைதான். அவர் போன பிறகு தெருவில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் பேப்பர் லாமா (பழைய பேப்பர்) லோரிக்குக் கிலோ கணக்கில் போட்டுவிடுவார்கள். லோரிக்காரரோடு அங்கிளுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. தமிழ் எழுத்து கண்ணில் பட்டால் அரைக்காமல் இங்கே இறக்கிவிட வேண்டும். லோரிக்காரர் சீனர், தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் சில சமயம் தெலுங்கும் வந்து சேரும்.

என் படிக்கும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடை எனக்கு ஏன் பிடிக்கிறது என்று புரியாது. நான் அட்டையைப் பார்த்து வாங்குவதில்லை. கடைசித் தாளைத்தான் முதலில் திருப்புவேன். தோட்டத்து வாசகர்கள் பெயரை முன்னால் எழுதுவார்கள், படித்து முடித்த தேதியைப் பின்னால் எழுதுவார்கள். ஒருத்தர் தேதிக்குக் கீழே "மழை, வேலை இல்லை" என்று எழுதியிருந்தார். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, கூலி போச்சு, ஆனால் ஒரு நாவல் முடிந்தது. அந்தப் புத்தகம் சுமார்தான், அந்த ஒரு வரிக்காகவே 6 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். இன்னொன்றில் பக்க எண்களை வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஏதோ ரகசியக் குறிப்பு என்று ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், அப்புறம்தான் புரிந்தது, லாட்டரி நம்பர் எடுக்க.

வேலை ஈப்போவில், கணக்குப் பிரிவில். ஆனால் அங்கிளுக்கு நான் "டீச்சர்". நான் டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்பதில்லை. தமிழ்ப் புத்தகம் காசு கொடுத்து வாங்குகிறவள் வேறு யாராக இருக்க முடியும் என்பது அவர் முடிவு.

சரி, கிடைத்ததில் பெரிய மீன் எதுவென்று சொல்கிறேன். போன வருஷம் பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டின ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொன்னேன். மேலே தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் 'சங்கமணி' பத்திரிகைத் தாளில் சுற்றி ஒரு தடித்த கட்டு. பிரித்தால், தமிழ் நேசன் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வந்த சிறுகதைகளை யாரோ வாராவாரம் வெட்டி, அளவு சரி பார்த்து, நோட்டுத் தாளில் ஒட்டி, பைண்டு பண்ணி வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் போட்டது பழைய கைலித் துணி, கட்டம் போட்ட நீலம். ஒட்டியது பசை இல்லை, ரப்பர் பால். தோட்டத்தில் அதற்கா பஞ்சம்? காய்ந்த பால் பழுப்பேறி இறுகிப் போய், தாளைத் திருப்பும்போது பொருக்குப் பொருக்காக உதிர்கிறது, விரலில் ஒட்டுப்பால் வாடை லேசாக நிற்கிறது. உள்ளே பென்சிலில் ஒவ்வொரு கதைக்கும் மார்க். பத்துக்கு ஏழு, பத்துக்கு நாலு. ஒன்றே ஒன்றுக்குத்தான் பத்து, அதையும் அடித்து ஒன்பதாக்கியிருக்கிறார்.

கதைக்கு மார்க் போடும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள், பத்திரிகை வழியாகவே சிறுகதை எழுதச் சொல்லிக் கொடுத்த வகுப்பு அது. அதைப் படித்து வளர்ந்த ஆளாக இருக்கலாம். 1924இல் தொடங்கிய நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. அதில் ஞாயிற்றுக்கிழமை வந்த கதைகளில் புத்தகமாகாமலே போனவை எத்தனையோ. அப்படியானதை ஒரு மனிதர் லயத்து விளக்கில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் காப்பாற்றியிருக்கிறார். விலை? 15 வெள்ளி. அங்கிள் எடை பார்த்துச் சொன்ன விலை. ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன். பேரம் பேசினால் பெறுமதி தெரிந்துவிடும் என்ற பயம்தான், வேறென்ன.

இனி குறைகள். முதலாவது, புத்தகம் முழுசாக இருக்கிறதா என்று அங்கிள் பார்ப்பதே இல்லை. ஒரு துப்பறியும் நாவல் வாங்கினேன், 8 வெள்ளி. வீட்டில் பாத்திரம் கழுவாமல் படித்துக்கொண்டே போகிறேன், 96ஆம் பக்கத்துக்கு அடுத்து 113. நடுவில் 16 பக்கம் காணோம், ஒரு முழு பாரம். பெரிய தாளில் அச்சடித்து மடித்து அடுக்கும்போது ஒரு மடிப்பு தவறிப் போனால் இப்படித்தான் ஆகும், கிழிந்த தடம்கூட இருக்காது, அதனால் கடையில் புரட்டிப் பார்த்தால் கண்ணில் படாது. திருப்பிக் கொண்டுபோனேன்.

"அங்கிள், இதுல பதினாறு பக்கம் இல்ல."

வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "முடிவு இருக்குல்ல டீச்சர்?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? கொன்னவன் யாருன்னு தெரிஞ்சிடுச்சு."

காசும் திரும்ப வரவில்லை, வேறு புத்தகமும் வரவில்லை, ஒரு தே தாரிக் (ஆற்றின பால் தேநீர்) வாங்கிக் கொடுத்தார். அந்தக் கதையில் தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) 96ஆம் பக்கத்தில் உயிரோடு இருந்தார், 113இல் அவர் மனைவி வெள்ளைச் சேலையில் வருகிறாள். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

இரண்டாவது, விலையைப் பந்துமுனைப் பேனாவால் முதல் பக்கத்தில் அழுத்தி எழுதுவது. பென்சில் வாங்கிக்கூடக் கொடுத்துப் பார்த்தேன். அதைக் காதில் செருகிக்கொண்டு பேனாவால் எழுதுகிறார். கிழிந்த அட்டைக்குச் சாதாரண செலோ டேப் ஒட்டுவார், அது மஞ்சளாகித் தாளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பின்னறையின் இடது மூலை ஒழுகுகிறது, அந்தப் பக்கத்து மூட்டைகளில் பூஞ்சை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காமல் ஒரு வாரம் காற்றாட வையுங்கள், நான் அப்படிச் செய்யாமல் ஒரு தட்டு முழுக்கப் பூச்சி ஏற்றியவள்.

மூன்றாவது, ரசீது. வருமான வரியில் வாழ்க்கைமுறைச் சலுகை 2,500 வெள்ளிவரை உண்டு, புத்தகமும் அதில் சேரும், ஆனால் ரசீதை 7 வருஷம் வைத்திருக்க வேண்டும். அங்கிள் கொடுத்த ரசீதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "சாமான், 42 வெள்ளி." புத்தகம் என்று எழுதுங்கள் என்றேன். அடுத்த தடவை "புத்தக சாமான்" என்று எழுதிக் கொடுத்தார்.

விலையைக் குறை சொல்ல மாட்டேன். சென்னையில் இருந்து வரும் புதுப் புத்தகத்தில் ரூபாய் விலை அச்சடித்தே இருக்கும், இங்கே அதன் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளி விலையைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும். அங்கிள் கடையில் மெலிசு 5, தடிப்பு 8, மூட்டையாக எடுத்தால் பேசிக்கொள்ளலாம். கியூஆர் அட்டை தொங்குகிறது, அது பக்கத்துக் கோப்பிக் கடையினுடையது, ஏமாந்துவிடாதீர்கள், ரொக்கம் கொண்டுபோங்கள்.

போகிறவர்கள் பழைய துணி ஒன்று, முகக்கவசம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் இருப்பதை நம்ப வேண்டாம், கட்டின மூட்டையைப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால்தான் பிரிப்பார். பக்க எண்ணைப் பதினாறு பதினாறாகச் சரி பாருங்கள். கடை காலை 11 மணிக்குத் திறக்கும் என்பார், பசியாறி வர 12 ஆகிவிடும். லோரி வெள்ளிக்கிழமை மாலை வருகிறது, ஞாயிறு போனாலும் நல்லது கிடைக்கும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், சனிக்கிழமை நான் போவேன்.