ஆறு வருடமாக நான் வாங்கும் ஸ்டேஷன் பேக்கரி

2019 ஜூனில் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்ததிலிருந்து எனக்கு சீசன் டிக்கெட் வாழ்க்கைதான். நடுவில் 2020 மார்ச்சில் வண்டிகள் நின்றபோது கடையும் பூட்டிக் கிடந்தது. மற்றபடி வாரத்தில் ஐந்து நாள் அந்தக் கடையில் ஏதாவது வாங்கியிருக்கிறேன். குமரி மாவட்டத்தில் எந்த ஸ்டேஷன் என்று எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், ஒருவர் பிழைப்பில் கை வைக்க மனமில்லை.

கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு சாயா பிளாஸ்க், பின்னால் ரஸ்க், ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து பாக்கெட்டுகள். உட்கார இடம் கிடையாது. பாசஞ்சர் வண்டி ஒரு நிமிடம்தான் நிற்கும். அதனால் இங்கே ருசியைவிட வேகம்தான் முதல் தேவை, காலையில் கடையைப் பார்க்கும் அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். மூச்சு வாங்க ஓடி வருகிறவரிடம், "வண்டி இப்பதான் டவுன் ஸ்டேஷன் விட்டிருக்கு, பதறாண்டாம் மக்களே" என்பார். ஜிபே சுற்றிக்கொண்டே இருந்தால், "பைசா நாளைக்கு தரலாம், வண்டியைப் பிடிங்க" என்று பொட்டலத்தைக் கையில் திணித்துவிடுவார். அப்படி எத்தனையோ நாள் கடன் வைத்து, மறுநாள் முதல் வேலையாகக் கொடுத்திருக்கிறேன்.

முட்டை பப்ஸ்தான் அங்கே விசேஷம். மாவும் கொழுப்பும் மாறி மாறி மடித்த அடுக்குகளுக்கு இடையில் நீராவி கிளம்பித்தான் பப்ஸ் உப்புகிறது. அதே ஆவி கவருக்குள் அடைபட்டால் பத்தே நிமிடத்தில் நமத்துவிடும். ஆகவே அக்கா கவரின் வாயை மடிக்கவே மாட்டார். நெய்யாற்றின்கரை தாண்டிப் பிரித்தாலும் மேல் அடுக்கு நொறுங்கி மடியில் உதிரும். உள்ளே வதக்கிய வெங்காயம், மிளகு காரம், பாதி முட்டை. தேங்காய் பன் சுமார்தான், தித்திப்பு அதிகம்.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுத்தார்கள். ஒருநாள் பப்ஸின் அடியில் எழுத்துகள் தலைகீழாக ஒட்டியிருந்தன. அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் உணவுப் பாதுகாப்பு விதிகளே இதைத் தடை செய்கின்றன. அக்காவிடம் சொன்னேன். அடுத்த வாரமே காக்கி நிறக் காகிதக் கவர் வந்தது.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இந்த லைனில் நிறைய. வாரம் தவறாமல் மகனோடு வரும் ஒரு பாட்டிக்கு வாயெல்லாம் புண், எதையும் மெல்ல முடியாது. சீனி தூவாத மெத்து பன் இரண்டைப் பெட்டிக்கு வெளியே தனியாக எடுத்து வைத்திருப்பார் அக்கா. "பாலில முக்கி குடுங்க" என்று மகனிடம் சொல்வார். அந்தப் பன்னை வேறு யார் கேட்டாலும் கிடைக்காது. ஒருநாள் நான் கேட்டேன், எனக்கும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இந்தக் கடைமேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

சாயங்காலக் கதை வேறு. அப்போது நிற்கும் பையனுக்கு அவசரம் அதிகம், அக்கறை குறைவு. பில் கேட்டால் முகத்தைத் திருப்புவான். பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் "கூலிங்" என்று ஐந்து ரூபாய் கேட்டான். ரயில்வே உதவி எண் 139-க்குப் புகார் சொல்வேன் என்றதும் சரியான விலைக்குக் கொடுத்தான். அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று நடந்தது. ஒரு மழைநாளில் ஏழு மணிக்கு வாங்கிய முட்டை பப்ஸில் லேசாகப் புளித்த வாடை. பசியில் பாதி தின்றுவிட்டேன். இரவெல்லாம் வயிற்றைப் புரட்டியது, மறுநாள் லீவு. காலையில் சுட்டது அது, பகல் முழுக்க பல்பு வெளிச்சத்தில் இளஞ்சூட்டில் கிடந்திருக்கிறது. முட்டைக்கு அந்த இளஞ்சூடு ஆகவே ஆகாது.

அக்காவிடம் சொன்னபோது மழுப்பவில்லை. "தப்புதான்" என்றார். காசை நீட்டினார், நான் வாங்கவில்லை. அதன்பின் மத்தியானத்துக்கு மேல் மிஞ்சிய முட்டை பப்ஸை எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும். போன மாதம்கூட ஆறு மணிக்கு இரண்டு பப்ஸ் பெட்டிக்குள் இருந்ததைப் பார்த்தேன், சொல்லி எடுக்கவைத்தேன்.

காலை வண்டிக்காரர்கள் தைரியமாக எதையும் வாங்கலாம். சாயங்காலம் இறங்குகிறவர்கள் முந்திரிக்கொத்தோ ரஸ்க்கோ தேதி பார்த்து வாங்குங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள்.