பூ வேலைக்குச் சாதாரண ஊசியா, ஆரி ஊசியா?

புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சாதாரண ஊசிதான் சரி. துணியை இழுத்துப் பிடிக்க 6 அங்குல வளையம், ஆறிழை பருத்தி நூல், 7 அல்லது 8ஆம் எண் எம்பிராய்டரி ஊசி இருந்தால் போதும். நூலில் 2 இழைகளை மட்டும் பிரித்து, 18 அங்குலத்துக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். நீளம் கூடினால், துணிக்குள் பலமுறை புகுந்து வருவதில் நூல் பிசிறி முடிச்சு விழும். பூவைச் சுற்றித் துணி சுருங்கினால், தையலை இறுக்கி இழுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆரி ஊசியின் நுனியில் கொக்கி இருக்கும். சட்டத்தில் துணி மேளத்தோல் போல விறைப்பாக நிற்க வேண்டும். ஒரு கை மேலே ஊசியோடு, மறு கை அடியில் நூலோடு. கொக்கியில் நூல் மாட்டியதும் ஊசியை அரைச்சுற்று திருப்பித்தான் மேலே எடுக்க வேண்டும். திருப்பாமல் இழுத்தால் துணியின் இழையும் சேர்ந்து வரும். பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கை பழகிவிட்டால் சங்கிலித் தையல் மளமளவென்று ஓடும். ஆனால் கடைசிக் கண்ணியைப் பூட்டாவிட்டால் வரிசை முழுக்க ஒரே இழுப்பில் அவிழும்.

தைத்து முடித்த குர்தாவில் ஆரி போடுவது சிரமம், சட்டத்தில் இழுத்துக் கட்ட முடியாது. வெட்டாத ஜாக்கெட் துணி என்றால் தாராளமாகப் போடலாம்.