ஆறு மாதக் குழந்தையின் மூளை ஸ்கேனுக்கு எந்த மென்பொருள்?

பெரியவர்களின் மூளை எம்ஆர்ஐ படத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்க, பல ஆய்வகங்களில் ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருள்தான் வழக்கம். அதையே ஆறு மாதக் குழந்தையின் படத்துக்கு ஓட்டினால் வரும் விடையை நம்ப முடியாது. எம்ஆர்ஐயில் டி1, டி2 என்று வெவ்வேறு சாயலில் இரு வகைப் படங்கள் எடுக்கலாம். பெரியவர்களின் டி1 படத்தில் வெண்பொருள் (நரம்பிழைகள் நிறைந்த பகுதி) வெளிச்சமாகவும் சாம்பல்பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த பகுதி) மங்கலாகவும் தெரியும். பிறந்த குழந்தைக்கு இது தலைகீழ். நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படரப் படரச் சாயல் மாறிக்கொண்டே வரும். ஆறு முதல் எட்டு மாதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் ஆகிவிடும். பழகிய கண்ணுக்கே எல்லை பிடிபடாத வயது அது.

பிறந்த சில வாரக் குழந்தைகள் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். லண்டனை மையமாகக் கொண்ட டிஎச்சிபி என்ற குழந்தை மூளை ஆய்வுத் திட்டத்தின் மென்பொருள் அந்த வயதுக்கென்றே செய்தது. அந்த வயதில் தெளிவாக இருப்பது டி2 என்பதால் அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் மாதங்கள் ஏறினால் அது உதவாது.

ஆறு மாதத்தைப் பொறுத்தவரை உண்மையான போட்டி இன்ஃபன்ட் ஃப்ரீசர்ஃபர், ஐபீட் என்ற இரு மென்பொருள்களுக்கும் இடையேதான். 2020இல் வந்த முதலாவது, இரண்டு வயது வரையான குழந்தைகளுக்கானது. ஏற்கெனவே கையால் பிரித்து வைத்த குழந்தைப் படங்களோடு ஒப்பிட்டுப் பிரிக்கிறது. ஃப்ரீசர்ஃபரில் பழகிய கைக்கு அதன் வெளியீடு உடனே புரியும், அது பெரிய வசதி. குறை, டி1 படத்தை மட்டுமே நம்பியிருப்பது. சாயல் கலங்கும் மாதங்களில் அந்த ஒரு படத்தில் தகவலே போதாது.

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவான ஐபீட், ஆழ்கற்றல் (டீப் லேர்னிங்) என்ற செயற்கை நுண்ணறிவு முறையில் இயங்குகிறது. டி1, டி2 இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். ஆறு மாதத்தைத் தொடும் ஆய்வு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரே குழந்தையைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து அளப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பிறப்பிலிருந்தே இதையே ஓட்டலாம். நடுவில் மென்பொருளை மாற்றினால், மூளை வளர்ந்ததா, அளவுகோல் மாறியதா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

அதனால் ஸ்கேன் நேரத்தைத் திட்டமிடும்போதே மென்பொருளையும் முடிவு செய்துவிட வேண்டும். ஆய்வுகளில் பெரும்பாலும் பால் கொடுத்துத் தூங்கவைத்துத்தான் படம் எடுக்கிறார்கள். குழந்தை விழித்துக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். டி1 முடிந்ததும் வேறு எதற்கும் போகாமல் டி2 எடுத்துவிடுங்கள். அது கிடைக்காமல் போனால் டி1 ஒன்றை வைத்தும் ஐபீட் ஓடும். ஆனால் அப்போது, சாயல் கலங்கும் அந்த மாதங்களின் படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் சரிபார்க்க ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டியிருக்கும்.